முருகன் படத்து முகம்

பணி ஓய்வு மலருக்கு என் வாழ்க்கைக் குறிப்பைக் கேட்டிருந்தீர்கள். இருபது வரி போதும் என்றீர்கள்; கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலாயாவில், கூலிமில் கடைகடையாக ஏறி இறங்கிப் படம் போட்டுப் பிழைத்தவன் நான். சோப்பு உறை, சுருட்டுப் பெட்டி, எது வந்தாலும் வரைவேன். ஒரே குறை, ஆளைப் பார்க்காமல் எனக்கு முகம் வராது. ஜவுளிக்கடைக் காலண்டருக்கு முருகன் கேட்டபோது, பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் பக்கிரிசாமியைத்தான் வேலுக்குப் பதில் மண்வெட்டியைப் பிடித்து நிற்கச் சொன்னேன். கூச்சத்தில் நெளிந்தான். அவன் மனைவி மருதம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் வீட்டுக்குள் ஓடினாள். அந்தக் காலண்டர் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் எல்லாம் தொங்கியது.

ஜப்பான்காரன் வந்தான், கடைகள் படுத்தன, நானும் படுத்தேன். நாற்பத்து மூன்றில் யாரோ அந்தத் தோட்டத்தருகே தொலைபேசிக் கம்பியை அறுத்துவிட்டார்கள். அறுத்தவனைப் படம் போட ராணுவப் போலீஸ் என்னைப் பிடித்துப்போய் உட்காரவைத்தது. அறுத்தவன் ஓடுவதைக் காவல்காரன் பார்த்தானாம். தமிழன், ஒல்லி, மீசை இல்லை. அவ்வளவுதான் அடையாளம். மொழிபெயர்த்த பரஞ்சோதி என் பக்கம் குனிந்தான்.

"அண்ணே, மத்தியானத்துக்குள்ள மூஞ்சி வேணுமாம். இல்லேன்னா நாளைக்கு ஒங்களத்தான் சயாம் ரயில் ரோட்டுக்கு அனுப்புவாங்களாம்லா."

சயாமில் ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போடப் போனவர்கள் யாரும் அதுவரை திரும்பவில்லை. அடுத்த அறையில் ஒருவன் அலறிக்கொண்டிருந்தான். பென்சிலை எடுத்தேன். கையில் வந்தது பக்கிரிசாமியின் முகம்தான். அவனும் ஒல்லி, அவனுக்கும் மீசை இல்லை.

மறுநாள் காலைப் பிரட்டில், வேலைக்குப் போக வரிசையில் நின்றவர்களுக்குப் படத்தைக் காட்டினார்கள். என்னையும் கூட்டிப்போயிருந்தார்கள். முன்னால் நின்ற செல்லாயி, "முருகா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அட, இது நம்ம பக்கிரிசாமில்ல? காலண்டர்ல நின்னாருல்ல?" என்று யாரோ சொல்ல, வரிசையே சிரித்தது. கள்ளமில்லாத ஜனங்கள். ஏன் சிரிப்பு என்று அதிகாரி கேட்டான். பரஞ்சோதி பெயரை மட்டும் சொன்னான். அது காலண்டர் முகம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால், பொய்ப்படம் கொடுத்தவனுக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பக்கிரிசாமியை இழுத்துவந்து நிறுத்தினார்கள். அதிகாரி படத்தையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தான். இடது காது ஒத்துவரவில்லை, ஆள் வேறா என்று என்னைக் கேட்டான். நிஜம்தான். காலண்டரில் குண்டலம் பாதிக் காதை மறைத்திருந்தது. போலீஸ் படத்தில் ஏதோ ஒரு காதை ஊகித்துப் போட்டிருந்தேன்.

"நான் இல்லேன்னு சொல்லுங்கண்ணே," என்றான் பக்கிரிசாமி.

நான் பென்சிலை வாங்கினேன். என்னை நம்பி, அசையாமல் தலையைத் திருப்பிக் காட்டினான். பார்த்துப் பார்த்துக் காதைத் திருத்திக் கொடுத்தேன். அன்றே அவனைச் சுட்டுவிட்டார்கள்.

அதன்பின் சயாம் பேச்சு எழவில்லை. போர் முடியும்வரை அவர்களுக்கே படம் போட்டேன். பிறகு பள்ளிப் பாடநூல்கள், கடைசியில் உங்கள் பல்கலைக்கழகம். உருவப்படம் கற்றுத்தர என்னைவிட ஆளில்லை என்று நீங்களே சொன்னீர்கள்.

பயத்தில்தான் செய்தேன், அதை மலரில் மறக்காமல் போடுங்கள். ஆனாலும், இத்தனை வருஷத்தில் அந்தக் காதைப்போல் இன்னொன்று எனக்கு அமையவேயில்லை.