தையலக்காவின் இரண்டு சொற்கள்

முதுகு சாய்க்கிற நாற்காலி கொடுத்ததற்கு நன்றி. பதினோரு வருடமாகக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தே வேலை பார்த்தவள் நான். எங்களுடையது பன்னிரண்டு கட்டில் போட்ட சின்ன இல்லம். பக்கவாதத்தில் பேச்சு போனவர்களை மறுபடி பேசப் பழக்குவது என் வேலை. எல்லோருக்கும் நான் பேச்சு டீச்சர்.

பேச்சு வந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். "போயிட்டு வரேன்" என்று சொல்லவும் நான்தான் பழக்குவேன். போனவர் ஒருவரும் திரும்பி வந்ததில்லை. போர்வை மடித்து வைத்த காலிக் கட்டில் இருக்கும் பக்கம் நான் திரும்பவே மாட்டேன். உங்களுக்குச் சிரிப்பாகக்கூட இருக்கலாம்.

தையலக்கா மழை தொடங்கிய சமயத்தில் வந்தாள். ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடம் தையல் மிஷின் மிதித்தவள். வலக்கை, வலக்கால் விழுந்து, பேச்சும் அடியோடு போயிருந்தது. மகன் லாரி ஓட்டுகிறவன், ஞாயிறுதோறும் வருவான். நான் கத்தரிக்கோல் படத்தைக் காட்டினால், அக்கா இடக்கை விரல்களால் என் பின்னலை வெட்டுவதுபோல் நடிப்பாள். நான் அப்படி வாய்விட்டுச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ஐந்தாவது வாரம் மகன் கேட்டான். "இன்னும் ஒரு மாசத்துல கூட்டிட்டுப் போயிடலாம்ல டீச்சர்?"

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஆரம்பித்தேன். அக்காவுக்கு அப்போதுதான் ஓரிரு சொல் திரும்பியிருந்தது. அவள் "வேணும்" என்றால் தண்ணீர் டம்ளரை எடுத்துவிடுவேன். "வேண்டாம்" என்றால் வாயருகே கொண்டுபோவேன். அவ்வளவுதான். புரையேறும், நான் மட்டுமே ஊட்ட வேண்டும் என்று கட்டிலுக்கு மேலே எழுதியும் ஒட்டினேன். முதலில் குழம்பிப்போய் என் முகத்தையே பார்ப்பாள். தாகம் எடுத்தால் யாரும் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். பதினேழு நாளில் இரண்டு சொல்லும் இடம் மாறிவிட்டன. மற்றதையெல்லாம் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். நூல், ஊசி, ஜன்னல், மகன். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிறு மகன் குனிந்து கேட்டான். "வீட்டுக்குப் போலாமாம்மா?"

"வேண்டாம்," என்றாள் அக்கா, முகமெல்லாம் மலர்ந்து. "வேண்டாம், வேண்டாம்."

அவன் என்னைப் பார்த்தான். "இங்கேயே பழகிட்டாங்க போல," என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். அவன் வாசலைத் தாண்டும்வரை அக்கா அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். சத்தம் கூடிக்கொண்டே போனது. நான் கதவைச் சாத்தினேன்.

அதற்குப் பிறகு அவள் என் பின்னலைத் தொடவில்லை. நான் உள்ளே வந்தாலே தோளைக் குறுக்கிக்கொள்வாள். குளிர்காலம்தானே.

இனி வெந்நீர்ப் பை. எல்லாப் பாரத்தையும் தாங்கி அவளுடைய இடத் தோள் வீங்கியிருந்தது. இல்லத்து ஆயாம்மா சூடான பையை வைத்துப் பட்டையால் இறுக்கிக் கட்டினாள். அந்த முடிச்சுக்கு இடக்கை எட்டாது, விழுந்த வலக்கையால் அவிழ்க்கவும் முடியாது. கொஞ்ச நேரத்தில் அக்கா முனகினாள்.

"சூடா இருக்கா? எடுத்துடவாக்கா, இருக்கட்டுமா? வேணுமா?" என்று கேட்டாள் ஆயாம்மா.

"வேணும்," என்று அலறினாள். "வேணும், வேணும்."

"அழறாங்களே டீச்சர்?"

"அவங்க எதுக்குத்தான் அழலை? அவங்களேதான் வேணுங்கறாங்களே," என்றேன்.

அவள் என்ன சொல்கிறாள் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். எடுத்துவிடு என்று நான் சொன்னால் ஆயாம்மா ஏன் என்று கேட்பாள். ஒரு ஏன் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். அக்காவைவிட அதிகமாக நான்தான் பயந்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அவள் கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்தாள். பிறகு பட்டையின் ஓரத்தில் தோல் கொப்பளித்தது. ஆயாம்மாவே பாய்ந்து அவிழ்த்தாள்.

காய்ச்சல் என்று இரண்டு நாள் லீவு போட்டேன். அதுதான் பிசகிவிட்டது. சேதி கேட்டு ஓடிவந்த மகன் தண்ணீர் வேணுமா என்று கேட்டானாம். "வேண்டாம்" என்றவள், இடக்கையால் டம்ளரைப் பிடித்து இழுத்தாளாம். தலையணை கொடுத்துப் பார்த்தான். கஞ்சி கொடுத்துப் பார்த்தான். கடைசியில் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டான். வாய் வேண்டாம் என்றது, கை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஆறடி ஆள், தரையில் உட்கார்ந்துவிட்டானாம்.

ஆமாம், நான்தான் செய்தேன். சுயநினைவோடுதான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் நேற்று நடந்ததை நீங்கள் தப்பாக எழுதிவிட்டீர்கள், அதைத் திருத்துங்கள். அடையாளம் காட்ட அவளைச் சக்கர நாற்காலியில் கூட்டிவந்தீர்கள். என்னைக் கண்டதும் உடம்பெல்லாம் நடுங்கி "வேண்டாம், வேண்டாம்" என்றாள். வேறு டீச்சர் வைத்துச் சரிசெய்தாயிற்று, பயந்துபோய்த்தான் சொன்னாள் என்கிறீர்கள். பத்தொன்பது நாளில் எதுவும் சரியாகாது. இது என் தொழில், எனக்குத் தெரியாதா? நடுக்கம் பக்கவாதத்தில் வருவதுதான்.

அவள் என்னைத்தான் கேட்டாள். என்னை அவளிடம் எப்போது கூட்டிப்போகிறீர்கள்?