ஏட்டையாவுக்குக் கூச்சம்

அன்பைப் பத்தி எனக்கு முன்னால மூணு பேர் பேசிட்டாங்க. நல்லாத்தான் பேசினாங்க. எனக்கு அப்படியெல்லாம் பேச வராது. முப்பத்தோரு வருஷம் நர்ஸா இருந்தவ நான். உங்க ஓய்வூதியர் சங்கத்துல கூப்பிட்டீங்க, வந்துட்டேன். ஒரு சின்னக் கதையைச் சொல்லிட்டு இறங்கிடறேன். கதைன்னு சும்மா சொல்றேன்… என் வார்டுல நடந்தது. பேரை மட்டும் மாத்தியிருக்கேன்.

வெயிலுமுத்துன்னு வச்சுக்குங்க. போலீஸ்ல ஏட்டா இருந்து ரிட்டயர் ஆனவர். அறுபத்தெட்டு வயசு. அவர் ஒரு இருமல் இருமினா பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்து உட்கார்ந்துடுவார். அவருக்குப் புராஸ்டேட் ஆபரேஷன். இங்க எத்தனை பேருக்கு ஆகியிருக்குன்னு நான் கேக்கலை. கேட்டாலும் கை தூக்க மாட்டீங்க.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. ஆனா டியூப் போட்டிருக்கு. அதுல சிறுநீர் சிவப்பா இறங்குது. அடிவயிறு அப்பப்ப முறுக்கிப் பிடிக்குது. ஊசி போட்டோம், மாத்திரை கொடுத்தோம். வலி குறையும்… பயம் குறையலை. அந்தப் பயம் இருக்கே, அது போன வலியைக் கையைப் பிடிச்சுத் திரும்பக் கூட்டிட்டு வரும்! ரெண்டாம் நாள் காலையில என்கிட்ட மெல்லக் கேக்கறார்:

"சிஸ்டர்… ரத்தமால்லா போகுது… நான் பிழைச்சுக்கிடுவேனா?"

எத்தனை பேரை நடுங்க வச்ச மனுஷன்!

டாக்டர்கிட்ட சொன்னேன். அவர் காலைப் பார்த்தார். வீக்கம் இல்லை, ரத்தக்கட்டு இல்லை. "மருந்து அது பாட்டுக்குப் போகட்டும் சிஸ்டர். கூடவே பாதத்தைப் பிடிச்சு விடச் சொல்லுங்க. மூச்சை மெதுவா இழுத்து விடச் சொல்லுங்க. பல பேருக்கு வலியும் படபடப்பும் தணியும்"னார்.

ஏட்டையா சம்சாரம் சொர்ணத்தாய். அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கெண்டைக்காலைத் தொடக் கூடாது, பாதம் மட்டும், ஒரு காலுக்குப் பத்து நிமிஷம். அந்தம்மா கீழ ஸ்டூல்ல உட்கார்ந்து, அவர் காலை மடியில வச்சுக்கிட்டு, "மூச்சை இழுங்க… விடுங்க… இன்னும் மெதுவா…" பதினாறு படுக்கை இருக்கிற வார்டு அது. ஆள் வருது, போகுது. அந்தம்மா கண்டுக்கவே இல்லை. அவருக்கும் ஒரு கூச்சமும் இல்லை. மூணாம் நாள் அவரே கேக்க ஆரம்பிச்சுட்டார், "எங்க அவ? டீ குடிக்க இவ்வளவு நேரமா?"

வீட்டுக்குப் போற அன்னைக்கு வார்டே கேக்கிற மாதிரி சொன்னார்: "வயித்தை டாக்டர் பாத்துக்கிட்டார். என் பயத்தைப் போக்கினது இவதான்!" எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. மடச்சி நான்.

எட்டு மாசம் போச்சு. சொர்ணத்தாய்க்குக் கர்ப்பப்பை எடுக்க வேண்டியதாயிடுச்சு. அதே ஆஸ்பத்திரி. நான் அப்ப பெண்கள் வார்டுக்கு மாறியிருந்தேன். ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள் அதே வலி, அதே படபடப்பு. இந்த வார்டு டாக்டரும் காலைப் பார்த்துட்டு, "பிடிச்சு விடலாம்"னுட்டார். பார்வையாளர் நேரம். ஏட்டையா பக்கத்துலதான் நிக்கிறார். நான் சந்தோஷமா ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"உக்காருங்க ஏட்டையா. இப்ப உங்க முறை."

"நானா?"

"வேற யாரு?"

இந்தப் பக்கம் பார்க்கிறார்… அந்தப் பக்கம் பார்க்கிறார்… "சிஸ்டர், சம்பந்தி வீட்டு ஆளுக வர்ற நேரம். நான் போயி பொண்டாட்டி காலை மடியில வச்சுக்கிட்டு… நாலு பேரு பாத்தா என்ன நினைப்பாக?"

"ஸ்கிரீன் வச்சு மறைச்சுடறேன்."

"மறைச்சா, உள்ள என்ன பண்ணுதான்னு இன்னும் நாலு பேரு பாப்பான்! மாத்திரை இருக்குல்லா? ஒண்ணு கூடக் கொடுங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறுது. வாயைத் திறக்கறதுக்குள்ள படுக்கையில இருந்து சத்தம் வருது. "விடுங்க சிஸ்டர். அவுகளுக்குக் கூச்சம்." சொல்லிட்டு, போர்வையை இழுத்துத் தன் பாதத்தை மூடிக்கிட்டாங்கய்யா அந்தம்மா! அவர் வெளியே போனார். நாலு ஆப்பிளோட திரும்பி வந்தார். காலை நான் பிடிச்சு விட்டேன்.

மிச்சத்தை, பத்து நாள் கழிச்சு டாக்டர்கிட்ட காட்ட வந்தப்ப அந்தம்மா சொன்னாங்க. வீட்டுக்குப் போன மறுநாள், ஏட்டையா வாசக் கதவைத் தாழ்ப்பாள் போட்டிருக்கார். ஜன்னலைச் சாத்தியிருக்கார். கிண்ணத்துல எண்ணெயோட வந்து நின்னிருக்கார்.

"காலைக் காட்டுளா."

அந்தம்மா தாழ்ப்பாளைப் பார்த்திருக்காங்க. "அதைத் திறந்து வச்சுட்டுப் பிடிப்பீகளா?"

ஏட்டையா தாழ்ப்பாள் பக்கம் போகலையாம். கிண்ணம் கையிலயே இருக்கு…

"அப்ப வேண்டாம். எனக்கு வலி போயிட்டு." காலை மடக்கிக்கிட்டாங்க.

நான் கேட்டேன், "நெசமாவே போயிட்டுதாம்மா?"

"இருக்கு சிஸ்டர். ஆனா அது இனிமே அவுக கையால போகாது."

இப்ப நீங்க சொல்லுங்க. ஏட்டையா கெட்டவரா? குடிச்சாரா? அடிச்சாரா? ஒண்ணும் கிடையாது. ஊருக்கெல்லாம் நல்ல மனுஷன். பதினாறு படுக்கைக்கு நடுவுல கூசாம வாங்கிக்கத் தெரிஞ்சவருக்கு, திருப்பிக் கொடுக்க மட்டும் கதவைச் சாத்த வேண்டியிருந்துது! முன்வரிசை ஐயாமாரே, உங்களைத்தான் கேக்கறேன். வாங்கும்போது வராத கூச்சம், கொடுக்கும்போது மட்டும் எங்கிருந்துய்யா வருது? யாருக்கும் தெரியாம ஒளிச்சு ஒளிச்சுக் கொடுத்தா, அதை அன்புன்னு நீங்க சொல்லிக்கலாம். வாங்கிக்கிற பொம்பளைக்கு அது அவமானம்.

கை தட்டாதீங்க. அந்தக் கைக்கு வீட்டுல வேலை கிடக்கு.