பேராயரின் தலையில் குட்டியவர்

ஞாயிற்றுக்கிழமை காலை, எண்ணூரிலிருந்து பீச் போகும் ரயில். எனக்கு எதிரே புது வெள்ளைச் சட்டையில் இருந்தவர் தன் மனைவியிடம் சொன்னார்:

“பிஷப்பு மண்டைல வாராவாரம் குட்டினவன் நானு. அவன் முன்னாடி எப்டி முட்டி போடறது?”

நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டேன்.

“இன்னாய்யா உளர்ற?”

“மெய்யாலுந்தான். சின்ன வயசுல கோயில் ஞாயிறு பள்ளில ஒரே பெஞ்சு. பைபிள் வசனம் அவன் ஒருத்தன்தான் தப்பில்லாம சொல்வான். அந்தக் கடுப்புல குட்டுவேன்.”

“பழைய பிஷப்பு வரசொல்லயெல்லாம் உனக்கு ஹார்பர்ல டூட்டி. அவரு தலைல கை வெச்சு ஜெபம் பண்ணி திடப்படுத்தாம நற்கருணை அப்பம் எடுக்க முடியாது. இத்தினி வருசமா நான் ஒண்டியாத்தான் போய் வாங்கிகினு வரேன்.”

“அவருக்கு எவ்ளோ பெரிய பேராயம். எப்பனா ஒருதபா வருவாரு.”

“இப்பதான் அத்த ரெண்டா பிரிச்சு, நம்ம பக்கத்துக்குன்னு தனியா ஆரம்பிச்சு, உன் தோஸ்தையே பிஷப்பாக்கிட்டாங்களே. ராயபுரத்துலயே கீறாரு. இனிமே இன்னா சாக்கு சொல்வ?”

தண்டையார்பேட்டையில் ரயில் நின்று கிளம்பியது.

“அவனுக்கு என்னை ஞாபகம் இருக்காது.”

“நேத்து கோயில்ல உன் பேரச் சொன்னேன்.”

“இன்னா சொன்னான்?”

“உச்சந்தலையத் தடவிக்கினே சிரிச்சாரு. அப்பால, உன்ன மொத ஆளா வரச் சொன்னாரு.”

ராயபுரம் வந்தது. அவர் எழுந்து, சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார்.

“கையத்தான வெப்பாரு?”

“முட்டி போடு, தெரியும்.”