நெவில் ஆர்மரோட் கையெழுத்திடாத கடிதம்

அவைத்தலைவர் டெனிஸ் பூத் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நெவிலின் துணைவியார் திருமதி ஐலீன் ஆர்மரோட் அவர்களே, டார்பி ரயில்வே ஒப்பந்தக்காரர் சங்கத்தின் தோழர்களே! கடைசி வரிசையில், நெவில் வேலை பார்த்த நிறுவனத்தின் சார்பில் இரண்டு கனவான்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் என் வணக்கம். நெவில் உங்கள் ஊழியர் அல்லர் என்று ஐலீனுக்கு நீங்கள் எழுதிய கடிதத்தைப் படித்தேன். ஆகவே நீங்கள் கடமைக்காக வரவில்லை, அன்பினால்தான் வந்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நண்பர்களே, யாரை இழந்துவிட்டு இங்கே கூடியிருக்கிறோம்? இருபத்திரண்டு ஆண்டுகள் சிக்னல் சோதித்த மனிதரை இழந்திருக்கிறோம். அவர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட ஒரு சிக்னலாவது தவறான விளக்கைக் காட்டியது உண்டா? இல்லை! மழையில் நின்றார், பனியில் நின்றார், இரண்டாம் முறை பார்க்காமல் எதையும் விட்டதில்லை. இந்த ஊரிலிருந்து லண்டனுக்கு ரயிலேறிப் போகும் எவருக்கும் நெவில் ஆர்மரோட் என்ற பெயர் தெரியாது. தெரியாமலேயே பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

அவர் ஒரு கம்பெனியும் நடத்தினார். இயக்குநர் அவரே, தொழிலாளி அவரே, டீ போடுபவரும் அவரே. நம்மில் பாதிப் பேர் அப்படித்தான். நம்மைப் போன்றவர்கள் உண்மையில் சொந்தத் தொழில் செய்கிறோமா, இல்லை வேஷம் போட்ட ஊழியர்களா என்று பார்க்க ஒரு வரி விதி இருக்கிறது. ஊழியன் என்று முடிவாகிவிட்டால் ஊழியனுக்குரிய வரி மொத்தமும் நம் தலையில். ஊழியனுக்குரிய மருத்துவ விடுப்பு மட்டும் கிடையாது. என்ன அழகான நியாயம்!

அதனால் ஊழியனைப் போலத் தெரிந்துவிடக் கூடாதென்று நாம் படும் பாடு நமக்குத்தான் தெரியும். நெவில் அதில் நம் எல்லோரையும் மிஞ்சினார். நாற்காலியைக்கூட வீட்டிலிருந்து கொண்டுவந்தார். ஒவ்வொரு டிசம்பரிலும் அலுவலகத்தில் கிறிஸ்துமஸ் விருந்து நடக்கும். வான்கோழி மணம் வாசல்வரை வரும். இவர் காரில் உட்கார்ந்து சீஸ் சாண்ட்விச் தின்பார். ஒரு வருடம் மேலாளர் ஹிலாரி அம்மையார் குடை பிடித்துக்கொண்டு காருக்கே வந்துவிட்டார்.

"நெவில், உள்ள வாங்க. உங்களுக்கும் சேத்துத்தான் சமைச்சிருக்கு."

"வேணாம்மா. நான் ஒரு உருளைக்கிழங்கு தின்னாப் போதும், இவன் ஊழியன்தான்னு வரி ஆபீசுல எழுதிடுவான்."

"உருளைக்கிழங்க எல்லாம் எவன் எண்ணுறான்?"

"எண்ணுவான்மா. உங்களுக்கு அவனுங்களத் தெரியாது!"

சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்தேன். இருபத்திரண்டு வருடம் கூட வேலை செய்தவர்களோடு ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிடாமலே ஒரு மனிதர் போய்விட்டார். இப்போது சிரிப்பு வரவில்லை எனக்கு.

இரண்டு கோடைக்கு முன்பு நிறுவனம் அவருக்கு ஒரு கடிதம் கொடுத்தது. நிரந்தர வேலை. சம்பளம் கொஞ்சம் குறைவு. ஆனால் நோய்வாய்ப்பட்டால் ஆறு மாத விடுப்பு, ஏதாவது நேர்ந்தால் மனைவிக்கு ஓய்வூதியம். செப்டம்பர் முடிவதற்குள் கையெழுத்திட வேண்டும். அதே கோடையில்தான் பிரதமர் நாற்காலிக்கு ஆளுங்கட்சிக்குள் போட்டி நடந்தது. நான் பிரதமரானால் அந்த விதியைத் தூக்கி எறிவேன், சொந்தக்காலில் நிற்பவர்களே இந்த நாட்டின் முதுகெலும்பு என்று ஒரு வேட்பாளரின் குரல் முழங்கியது. ஆகா, நாம்தான் முதுகெலும்பாம்! எத்தனை வருடமாக இந்த வார்த்தைக்குக் காத்திருந்தோம்!

இந்த மண்டபத்திலேயே கூட்டம் போட்டோம். புதிய பிரதமரால் நமக்கு என்ன கிடைக்கும் என்பது தலைப்பு. பேசியவன் யார்? சங்கச் செயலாளர் கீத் வாடில். நான்தான்! விடிவுகாலம் வந்துவிட்டது என்றேன். நீங்கள் கை தட்டினீர்கள். கூட்டம் முடிந்ததும் நெவில் அந்தக் கடிதத்தோடு என்னிடம் வந்தார்.

"கீத், நீ என்னடா சொல்ற? ஐலீன் போடுங்கிறா."

"போடாத. இத்தன வருஷம் பொறுத்த. இன்னும் ஆறு வாரம் பொறுக்க மாட்டியா?"

"பெரிய மனுஷங்க பேச்ச நம்பலாமா?"

"இந்த ஆளு நம்ம ஆளுடா!"

அவர் கையெழுத்திடவில்லை. அப்படி முழங்கியவரே புதிய பிரதமராக வந்தார். விதி ஒழியும் என்று அறிவிப்பும் வந்தது. குடித்தோம், கூத்தாடினோம். மூன்று வாரம்! சரியாக மூன்று வாரம்! சந்தை கவிழ்ந்தது, நிதியமைச்சர் போனார், விதி திரும்பி வந்தது, பிரதமரும் வீட்டுக்குப் போனார். அதற்குள் நிறுவனம் கொடுத்த கெடுவும் முடிந்துபோயிருந்தது.

அடுத்த மாதம் நெவிலின் நுரையீரலில் கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். ஒரு வாரம் சிகிச்சை, மறுவாரம் தண்டவாளம் என்று காலம் ஓடியது. பிப்ரவரிக் குளிரில் சிக்னல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவதைப் பார்த்தேன். வீட்டுக்குப் போங்கள் என்று சொல்ல யாருக்கு அதிகாரம் இருந்தது? முதலாளி அவரே, தொழிலாளி அவரே. தன் தொழிலாளிக்கு விடுப்புக் கொடுக்க அந்த முதலாளியால் முடியவில்லை!

நம் ஒப்பந்தங்களில் ஒரு வாசகம் உண்டு. நம்மால் வர முடியாவிட்டால் நம் இடத்தில் வேறொருவரை அனுப்பலாம். ஊழியனால் அப்படி அனுப்ப முடியாது, ஆகவே நாம் சுதந்திரமானவர்கள் என்பதற்கு அந்த வாசகமே சாட்சி. நெவில் இறந்த மறுநாள் காலை, ஆள் அனுப்பும் முகமையிலிருந்து ஐலீனுக்குத் தொலைபேசி வந்தது.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. திங்கக்கிழமைக்கு அவருக்குப் பதிலா யாரையாச்சும் அனுப்புறீங்களா?"

"அனுப்பலாம். என் வீட்டுக்கு யாரை அனுப்புவீங்க?" என்று கேட்டுவிட்டு ஐலீன் வைத்துவிட்டார்.

நண்பர்களே, இனி நான் சொல்லப்போவது உங்களில் சிலருக்குத் தெரியும். பலருக்குத் தெரியாது. அந்த நிரந்தர வேலை என்ன ஆயிற்று? விதி திரும்பி வந்த வாரத்தில் அதை எனக்குக் கொடுத்தார்கள். நான் கையெழுத்திட்டேன். அவரைத் தடுத்த இந்த வாய்க்குச் சொந்தக்காரன், இந்தக் கையால் கையெழுத்திட்டேன்! நெவிலிடம் சொன்னபோது அவர் என்னைத் திட்டியிருக்கலாம். "நல்லதாப் போச்சுடா. உனக்கு முதுகு வேற சரியில்ல" என்றார். அந்த வார்த்தையை என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. இன்று நீங்கள் எல்லோரும் ஒரு நாள் வருமானத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் சம்பளத்தோடு கூடிய துக்க விடுப்பில் வந்து நிற்கிறேன்.

ஐலீன், மன்னிப்புக் கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். மன்னிக்க வேண்டிய கடனும் உங்களுக்கு இல்லை. செயலாளர் பதவியை இன்றோடு விடுகிறேன்.

இப்போது இன்னொரு புதிய பிரதமர் வந்திருக்கிறார். இவர் நமக்கு என்ன செய்வார் என்று காலையிலிருந்து வாசலில் பேசிக்கொண்டிருந்தீர்கள். தோழர்களே, நெவில் ஆர்மரோட் பெயரால் இந்தச் சங்கம் ஓர் உறுதி எடுக்கட்டும். பிரதமர் எதைத் தருவார் என்று ஆருடம் சொல்ல இனி எவனையும் இந்த மேடையில் ஏற்றாதீர்கள். ஒருவர் நோயில் விழுந்தால் அவர் இடத்தில் போய் நிற்க நம்மில் நால்வர் எப்போதும் தயாராக இருக்கட்டும். அந்த ஒப்பந்த வாசகம் ஒரு முறையாவது மனிதனுக்குப் பயன்படட்டும்!

உங்களில் மூவருக்கு இந்த வாரம் அதே போன்ற நிரந்தர வேலைக் கடிதம் வந்திருக்கிறது. கூட்டம் முடிந்ததும் அந்த மூவரும் என்னிடம் வாருங்கள். அரசாங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்பேன். கடிதத்தை நீட்டிய அன்று நெவில் இருமிக்கொண்டே பேசினார். நான் கேட்கவில்லை.