மடியில ஒரு சிபியு

...இன்ஜின் மேல வையிங்கறாரு சார் கண்டக்டரு. அந்தச் சூட்டுல வெச்சா சிதம்பரம் போறதுக்குள்ள வெந்துடும். லக்கேஜ் டிக்கெட்டும் போட்டாச்சி, அப்பறம் என் மடியில வெச்சிக்கிட்டா இவருக்கு எங்க வலிக்குது? நீங்க கால மட்டும் கொஞ்சம் அந்தாண்ட நவுத்திக்கிங்க. பயப்படாதீங்க, கம்ப்யூட்டருதான். மூள மட்டும். டிவி மாரி இருக்குமே, அது கடையிலயே இருக்குது.

நீங்களே சொல்லுங்க, ஒருத்தன நம்பி ஒரு பொருளக் குடுத்தா இப்டியா பண்ணுவான்? வேற யாருமில்ல, மச்சான். சம்சாரத்தோட தம்பி, கதிர்வேலு. சிதம்பரத்துல யுனிவர்சிட்டில படிக்கிறான், படிக்கிறதே கம்ப்யூட்டருதான். எனக்கு மஞ்சக்குப்பத்துல கட. தங்கராசு டிடிபி, பாத்திருப்பீங்க. பாக்கலியா? சரி வுடுங்க. கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவா இருந்தாலும் நாந்தான் டைப் பண்ணி பிரஸ்ஸுக்கு அனுப்பணும்.

சிஸ்டம் ஸ்லோவா இருந்துச்சி. ஸ்லோன்னா, ஆன் பண்ணிட்டு எதிர்க்கப் போயி டீ குடிச்சி, டீக்கடக்காரரோட அரசியல் பேசி, சண்ட போட்டு, சமாதானமாயி வந்தாக்கூட அப்டியே நிக்கும். மச்சான் பாத்தான். "மாமா, இதுல வைரஸ் குடும்பம் நடத்துது. விண்டோஸ் தொண்ணூத்தெட்ட அழிச்சிட்டு எக்ஸ்பி போட்டாத்தான் ஆவும்"னான். அப்ப நான் அடிச்சி வெச்சதெல்லாம் என்னடா ஆவும்னன். "உங்க வேலையெல்லாம் டி டிரைவுல இருக்குது மாமா, நான் சி டிரைவ மட்டுந்தான் அழிப்பன்"னான்.

போட்டான். நல்லாத்தான் போட்டான், பொய் சொல்லக்கூடாது. பச்சப் புல்லு, நீல வானம், ஆன் பண்ணா சட்டுனு வந்து நிக்குது. சூடம் காட்டி தேங்காகூட ஒடச்சன். ஒடச்சிட்டு ஆசையா திருவதிகை தில்லையம்மா வீட்டுக் கல்யாணப் பத்திரிக்கையத் தொறக்கறன்...

தமிழக் காணம் சார். இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் கோடுமா, கோழி கெளறுன மாரி கெடக்குது. விசாரிச்சா, ஃபான்ட் போயிடுச்சாம். நாம அடிச்சதெல்லாம் டி டிரைவுல பத்தரமா இருக்குது, அதத் தமிழாக் காட்டுற எழுத்து சி டிரைவுல இருந்துதாம். அத சேத்து அழிச்சாச்சி. பாண்டில ஒருத்தரு குடுத்த ஃபான்ட் அது. அவரு கடைய மூடிட்டு எங்க போனாரோ தெரியல. வேற ஃபான்ட் போட்டுப் பாத்தன், மாப்ள பேரு இருந்த எடத்துல வாயில நொழயாத என்னமோ வருது.

அது சாதாரணப் பத்திரிக்கையும் இல்ல. நல்வரவை விரும்பும்னு கீழ ஒறவுக்காரங்க பேரு போடுவாங்கல்ல, அதுல யாரு மொத, யாரு ரெண்டாவதுன்னு மூணு தடவ பஞ்சாயத்து. கடசியா என் கடையில ஒக்காந்துதான் ராசி ஆனாங்க. ஆனதும், பழய சண்ட ஞாபகத்துக்கே வரக்கூடாதுன்னு எழுதுன தாளயெல்லாம் அங்கயே கிழிச்சிப் போட்டாங்க. நானும் பெருமையா, "கிழிங்க கிழிங்க, எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குது"ன்னன். நாளைக்குக் காலம்பற பிரஸ்ஸுக்குப் போவணும். வரிசைய மறுபடி சொல்லுங்கன்னு நான் போயி நின்னா கல்யாணமே நின்னுடும் சார். அப்பறம் எவன் என் கடைக்கு வருவான்?

ஆலப்பாக்கம் தாண்டிடுச்சா? தூங்குறீங்களா? இல்லல்ல, முழிச்சித்தான் இருக்கறீங்க.

திட்டுனன். வுடுவனா? மாமியாருக்கு போன் போட்டு, உங்க புள்ள என் பொழப்பத் தொடச்சிட்டான்னன். நெல்லிக்குப்பத்துல சொந்தக்காரங்க ஒருத்தர வுடாம சொன்னன். சௌந்தரம், அதான் சம்சாரம், சோறு போடுறா, பேச மாட்டன்றா. இன்னிக்குக் காலையிலதான் ஒரே ஒரு வார்த்த கேட்டா. "என் தம்பி ஒண்ணுமே சொல்லலியா?"

அது என்னன்னா சார்... சொல்லலன்னு சொல்ல முடியாது. அழிக்கறதுக்கு முன்ன ஒரு சிடில என்னமோ ஏத்திக்கிட்டிருந்தான். எட்டிப் பாத்தன். என் ஃபான்ட்டு, அத்தினியும். எனக்கு சுர்ருனு ஏறிடுச்சி. அவன் சிநேகிதன் ஒருத்தன் சிதம்பரத்துல கீழ வீதில புதுசா டிடிபி போட்டிருக்கறான், அங்க தூக்கிட்டுப் போறான்னு நெனச்சிட்டன். "திருட்டுப் பயலே, அக்கா வூட்லயே கை வெக்கிறியா"ன்னு கேட்டன். "இல்ல மாமா, இது வந்து"ன்னான். வெள்ளிக்கெழம சார், ராகுகாலம் வேற பொறக்கப் போவுது, இதுல இது வந்து அது வந்துன்னு இழுத்தா? சிடியப் புடுங்கி முட்டில வெச்சி ரெண்டா ஒடச்சன். நேரத்தோட அழிடான்னன். அவனும் வேலைய முடிச்சிட்டு, சாப்புடாமக்கூட பஸ் ஏறிட்டான்.

எனக்காகத்தான் எடுத்து வெச்சிருக்கறான், பாருங்க. பாவம், சின்னப் பையன்.

போன் பண்ணா எடுக்க மாட்டன்றான். அதான் இதத் தூக்கிக்கிட்டு நேராவே போறன். அண்ணாமலை நகர்லதான் ரூமு. நீங்களும் சிதம்பரந்தான? ஒரு அஞ்சு நிமிசம் கூட வாங்களேன். மூணாவது மனுசரு இருந்தா மூஞ்சில கதவ சாத்த மாட்டான். நீங்க ஒண்ணும் பேச வேணாம், இவ்ளோ நேரம் இருந்தீங்களே, அதே மாரி நின்னா போதும்... என்ன எழுந்துட்டீங்க? இது முட்லூரு சார். சிதம்பரம்னுதான டிக்கெட் எடுத்தீங்க? நாந்தான் பாத்தனே.

சரி சரி, படி பாத்து எறங்குங்க. சார், ஒண்ணே ஒண்ணு... போற வழில கோயில் ஏதாச்சும் இருந்தா எனக்காக வேண்டிக்கிங்க. அன்னிக்கே அவன் அந்த ஃபான்ட்ட இன்னொரு சிடில ஏத்தி, எனக்குத் தெரியாம அந்த கீழ வீதிக்காரனுக்குக் குடுத்திருக்கணும். வாய் கூசாம சொன்னன்ல, அது பலிக்கணும் சார். என் மச்சான் நெசமாவே திருடியிருக்கணும்.