ஒருவன் தூக்கி வரும் படம்

தலைமை தாங்கும் பெரியவர் அவர்களே, தல்லாகுளம் வாசகசாலையின் அங்கத்தினர்களே, தாய்மார்களே!

சித்திர ஆசிரியர் சொக்கநாதன் அவர்களைப் புகழ எனக்கு என்ன தகுதி இருக்கிறது? இந்த வாசகசாலையின் காரியதரிசி என்ற பதவி இருக்கிறது. அவ்வளவுதான்.

கிரேக்க தேசத்தார் இரண்டாயிரத்தைந்நூறு வருஷங்களுக்கு முன்பே மண் ஜாடிகளின் மேல் தங்கள் புராணங்களைச் சித்திரமாக எழுதி வைத்தார்கள். சிங்கத்தின் கழுத்தை நெரிக்கும் வீரன், போருக்கு நடுவே தாயம் உருட்டும் நண்பர்கள் அக்கிலீஸும் அஜாக்ஸும். அத்தனையையும் ஒரு பழைய புத்தகத்தில் கண்டு, விளக்குக் கரியும் செங்கல் பொடியும் குழைத்து, காடாத் துணியில் ஆள் உயரத்துக்கு வரைந்தவர் நம் சொக்கநாதன். யாருக்காக? நமக்காக! சனிக்கிழமைதோறும் இதே கூடத்தில் மாட்டிவிட்டுக் காத்திருந்தார். யார் வந்தோம்? காவலாள் பேயாண்டி ஒருவர் வந்தார். “சிங்கத்தப் புடிக்கிறாரே, இவரு பீமசேனரா வாத்தியாரய்யா?” என்று அவர் கேட்டதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் மகிழ்ந்தார் சொக்கநாதன். ஒரே ஒரு கேள்விக்கு அந்த மனிதருக்கு அத்தனை பசி!

பிறகு ஒரு சனிக்கிழமை, மாண்டுபோன அக்கிலீஸை அந்த அஜாக்ஸ் தன்னந்தனியாகத் தோளில் சுமந்து வரும் படத்தை மாட்டினார். சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறிய வாரம். நான் சொன்னேன்: “என்ன சார் இது, அழகர் வார நேரத்துல பொணத்தக் கொண்டாந்து மாட்டுறீக? கழட்டுங்க.”

கழற்றினார். சுருட்டிக்கொண்டே, “இங்க நாலு பேரு தூக்குவோம். அங்க ஒருத்தனே தூக்கிட்டு வாரான், பாத்தீகளா?” என்றார். நான் சிரித்தேன். அதன்பின் மூன்று வருஷம் அவர் இந்தப் படி ஏறவில்லை. நான் போய் அழைத்தேனா? இல்லை.

பத்து நாளைக்கு முன் காலமானார். உறவென்று யாரும் இல்லை. பேயாண்டியும் பக்கத்து வீட்டார் இருவரும் நின்றார்கள். நாலாவது தோளுக்கு ஆள் இல்லை. அவ்வழியே வந்த ஒத்தக்கடை வண்டிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து தோள் கொடுத்தார். நான் அடுத்த தெருவில்தான் இருந்தேன். எனக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பெரியோர்களே! சுருட்டியபடியே அவர் அறையில் கிடந்த அந்தப் படம் இப்போது என் பின்னால் தொங்குகிறது. சகுனம் பார்ப்பவர்கள் எழுந்து போகலாம். இனிச் சனிக்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்கு இந்தக் கூடம் திறந்திருக்கும். அவருடைய படங்கள் மாட்டப்பட்டிருக்கும். அவர் பெயரால் நான் செய்யும் பிரதிக்ஞை இது.

“யாரும் வரலேன்னா என்னங்கய்யா செய்வீக?” என்று நேற்றுப் பேயாண்டி கேட்டார்.

“அவரு செஞ்சதத்தான் செய்வேன். உக்காந்திருப்பேன்” என்றேன்.