பத்துக்கு ரெண்டு வலி

மாத்தளையில் இருந்து புறப்பட்ட இரத்தோட்டை பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்புகிறார். மடியில் காலிப் பிளாஸ்க்.

"மருமக பத்துக்கு ரெண்டுதான் எடுத்திருக்கா," என்றார்.

"என்ன பரீட்சைக்கா?"

"வலிக்கு. நேத்து சிசேரியன் பண்ணினாங்கல்ல. வெட்டின எடம் மரத்துப்போக விறைப்பு ஊசி போட்டிருக்காங்க. பத்துக்கு எத்தனை வலிக்குதுன்னு வார்டு நர்ஸ் மிஸ்ஸி கேட்டா, இவ சிரிச்சிக்கிட்டே ரெண்டுங்கிறா. பக்கத்துக் கட்டில் பிள்ளை எட்டுங்கிறா."

"ரெண்டு நல்லதுதானே அக்கா?"

"நல்லதுதான். பாக்க வர்றவங்ககிட்ட எப்படிச் சொல்றது? பெத்தவ மாதிரியா இருக்கு? நான் ஆறுன்னு சொல்லி வச்சிருக்கேன். ஆளுங்க வர்ற நேரத்துல கொஞ்சம் முனகச் சொன்னேன்."

"முனகினாளா?"

"நல்லாத்தான் முனகினா. மிஸ்ஸி ஓடி வந்து வலிக்கு இன்னொரு ஊசி போட்டுட்டாங்க. இப்ப சைபர்."

இளையவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அக்காவுக்கு வலி எத்தனை இருந்திச்சி?"

மூத்தவர் பிளாஸ்க் மூடியைக் கழற்றினார். மறுபடி திருகி மூடினார்.

"மூணு பெத்தேன். யாரு கேட்டா?"